இறக்கும் விண்மீனின் ஈர்ப்பு அலை: எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எந்த வழி?

ஒவ்வொரு ஆண்டும் மூன்றாம் செமஸ்டர் தொடங்கும் சமயத்தில் இதே கேள்வி வந்துவிடும். “ஈர்ப்பு அலையில்தான் ப்ராஜெக்ட் பண்ணணும் சார். ஆனா கருந்துளை மோதலை எல்லாரும் எடுக்கிறாங்க. சூப்பர்நோவா எடுக்கலாமா? எடுத்தா எங்க ஆரம்பிக்கிறது?” இந்த முறை மூன்று பேர் கேட்டார்கள். மூவருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். கேள்வி ஒன்றாக இருந்தாலும் அவரவர் கையில் இருந்தது ஒன்றல்ல. அந்தப் பதில்களை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

எடுக்கலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்து எடுக்க வேண்டும். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகளில் முதல் ஈர்ப்பு அலை (கனமான பொருள்கள் வேகமாக அசையும்போது வெளி-காலத்தில் எழும் நெளிவு) பிடிபட்டது. அன்றிலிருந்து இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் பட்டியலில் ஏறியிருக்கின்றன. அத்தனையும் கருந்துளைகளோ நியூட்ரான் விண்மீன்களோ ஜோடியாகச் சுற்றிவந்து இணைந்தவை. தனியொரு விண்மீன் வெடித்து இறந்ததிலிருந்து, அதாவது சூப்பர்நோவாவிலிருந்து, ஒன்றுகூட இன்னும் வரவில்லை.

காரணம் எளிமையானது. 2015-இல் இணைந்த இரண்டு கருந்துளைகள் சூரியனைப் போல மூன்று மடங்கு நிறையை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஈர்ப்பு அலைகளாக மாற்றிவிட்டன. சாதாரண சூப்பர்நோவாவில் சூரிய நிறையின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுதான் அலையாக வரும் என்று சிமுலேஷன்கள் சொல்கின்றன. முன்பின் இருக்கலாம், ஆனால் அந்த வட்டாரம்தான். ஒரு பந்து எவ்வளவு வேகமாகச் சுருங்கினாலும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கினால் ஈர்ப்பு அலையே எழாது. சமச்சீர் குலைந்தால்தான் அலை.

எங்கே குலைகிறது? சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் கனமான விண்மீனின் நடுவே இரும்பு சேர்ந்துகொண்டே போகும். அது சூரிய நிறையின் ஒன்றரை மடங்கை நெருங்கும்போது தன் எடையைத் தானே தாங்காமல் அரை நொடிக்குள் இடிந்து விழும். அணுக்கரு அளவுக்கு அடர்த்தி ஏறியதும் மேற்கொண்டு நசுங்காமல் எகிறும். அந்த எகிறலில் பிறக்கும் அதிர்ச்சி அலை சுமார் 150 கிலோமீட்டர் போய் மூச்சு வாங்கி நின்றுவிடும். உள்ளிருந்து கொட்டும் நியூட்ரினோக்கள் (எதிலும் எளிதில் சிக்காத நுண்துகள்கள்) அடியில் அடுப்பு போல எரிந்து அதற்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் வெந்நீர் கொதிப்பது போல எல்லாம் கொதிக்கும். மேலிருந்து விழும் பொருள், நடுவே பிறந்திருக்கும் குட்டி நியூட்ரான் விண்மீனைத் தட்டித் தட்டி மணி போல அதிர வைக்கும். அதிர்வெண் முதலில் சில நூறு ஹெர்ட்ஸில் இருக்கும். விண்மீன் குளிர்ந்து சுருங்கச் சுருங்க ஒரு நொடிக்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். நாம் தேடுவது அந்த மணியோசையைத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்: உங்கள் பத்து மாதத்தில் எந்த விண்மீனும் வெடிக்காவிட்டால் ஆய்வேடு நிற்குமா? நம் பால்வெளியில் நூறு ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று சூப்பர்நோவா என்பதுதான் கணக்கு. வெறுங்கண்ணால் பார்த்து எழுதிவைத்த கடைசி ஒன்று 1604-இல், கெப்ளர் காலத்தில். “வெடித்தால் கண்டுபிடிப்பேன்” என்ற திட்டத்தை எந்த வழியிலும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது கணினி. கல்லூரியில் கிளஸ்டர் இருக்கிறதா, லேப்டாப் மட்டுமா? மூன்றாவது கைடு. சிறுசேரியிலும் ஐஐடி மெட்ராஸிலும் புனேயிலும் பெங்களூரிலும் ஈர்ப்பு அலைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் பெரும்பகுதி வேலை இணைவுகளில். விண்மீன் இடிவதில் ஊறிய ஆள் அடுத்த அறையில் கிடைப்பார் என்று எண்ண முடியாது. நான்காவது, இதன் பிறகு எங்கே போகலாம் என்பது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் வரவிருக்கும் லைகோ-இந்தியா ஈர்ப்பு அலைக் கருவிக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. இன்று எம்.எஸ்சி. படிப்பவர் முனைவர் பட்டம் முடிக்கும் வயதில்தான் அது ஓடத் தொடங்கும். அந்தக் கணக்கில் நான்கு வழிக்குமே எதிர்காலம் உண்டு. அதனால் கீழே இதை அதிகம் இழுக்கவில்லை.

## வழி 1: கணினிக்குள் ஒரு விண்மீனை இடித்துப் பார்ப்பது

முதலில் எல்லோரையும் இழுப்பது இதுதான். படம் அழகாக வரும், இயற்பியல் அத்தனையும் ஒரே இடத்தில் இருக்கும்: பொதுச் சார்பியல், அணுக்கருப் பொருள், நியூட்ரினோ போக்குவரத்து, கொந்தளிப்பு.

செலவைப் பாருங்கள். முழு முப்பரிமாணச் சிமுலேஷன் ஒன்றுக்குக் கோடிக் கணக்கில் கோர்-மணிநேரம் (ஒரு கணினிக் கோர் ஒரு மணி நேரம் உழைப்பது) ஆகும். ஒரு கோடி என்றே வைத்துக்கொண்டு, எட்டுக் கோர் லேப்டாப்பில் இரவு பகலாக ஓட்டினால் 140 ஆண்டுகளுக்கு மேல். பிரின்ஸ்டன், கார்ச்சிங், ஓக் ரிட்ஜ், மோனாஷ் போன்ற குழுக்கள் பல பத்தாண்டுகளாகக் கோடு கோடாக எழுதிச் சேர்த்த நிரல்கள் அவை. பத்து மாதத்தில் உள்ளே நுழைந்து வெளியே வர முடியாது.

“அப்போ ஒரு பரிமாணத்தில் ஓட்டறேன்” என்று சிலர் இறங்குவார்கள். ஜிஆர்1டி என்ற திறந்தமூல நிரல் லேப்டாப்பிலேயே ஓடும், நல்ல நிரல். ஆனால் ஒரு பரிமாணம் என்றால் முழுக் கோளச் சமச்சீர். முன்பு சொன்ன பந்து கதைதான்: விண்மீன் இடியும், எகிறும், ஈர்ப்பு அலை மட்டும் பூஜ்யம். இதைப் பாதி வழியில் உணர்ந்து தலைப்பை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு நல்ல மாற்றுவழி இருக்கிறது. அந்த ஒரு பரிமாண ஓட்டத்திலிருந்து ஒவ்வொரு கணத்துக்கும் அடர்த்தி, அழுத்தம், ஒலிவேகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அந்தக் குட்டி நியூட்ரான் விண்மீன் எந்தெந்த அதிர்வெண்ணில் அதிர முடியும் என்று சிற்றசைவுச் சமன்பாடுகளால் கணக்கிடலாம். மணி எவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்று சொல்ல முடியாது. எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்று சொல்லலாம். அந்தச் சுருதி விண்மீனின் நிறையும் ஆரமும் சேர்ந்து தீர்மானிப்பது. அதனால் முடிவு வெறும் வளைகோடாக நிற்காமல் இயற்பியலோடு பேசும். எனக்குத் தெரிந்து லேப்டாப்பில் செய்யக்கூடிய மிக அழகான கோட்பாட்டு ப்ராஜெக்ட் இது.

எப்போது இதை எடுக்கலாம்: வகைக்கெழுச் சமன்பாடுகளில் கை சரளமாக ஓடினால், ஃபோர்ட்ரான் பார்த்து மிரளாவிட்டால். முப்பரிமாணம் வேண்டுமென்றால் பெரிய குழுவில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பிறகு.

## வழி 2: லைகோ தரவுக்குள் தேடுவது

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கருந்துளை இணைவைத் தேடும்போது அலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். அந்த வடிவத்தையே அச்சாக வைத்துத் தரவோடு பொருத்திப் பார்க்கலாம். சூப்பர்நோவாவுக்கு அச்சே கிடையாது. கொதிக்கும் பானையில் அடுத்த குமிழி எங்கே வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாததைப் போல, ஒரே விண்மீனை இரண்டு முறை கணக்கிட்டாலும் அலையின் ஏற்ற இறக்கம் அப்படியே ஒத்துப்போகாது. ஆகவே அச்சு இல்லாத் தேடல்: லைகோவின் இரண்டு கருவிகள் இருக்கும் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் ஒரே நேரத்தில், அதாவது ஒளி இரண்டுக்கும் நடுவே போக எடுக்கும் 10 மில்லிநொடிக்குள், ஒத்த வடிவில் ஆற்றல் எகிறுகிறதா என்று பார்ப்பது. இது பலவீனமான முறை என்று நினைக்க வேண்டாம். 2015-இல் முதல் ஈர்ப்பு அலையை மூன்று நிமிடத்துக்குள் முதலில் தூக்கிக் காட்டியது அச்சு வைத்த தேடல் அல்ல. கோஹெரன்ட் வேவ்பர்ஸ்ட் என்ற அச்சில்லாத் தேடல்தான்.

தரவு இலவசம். லைகோவும் இத்தாலியின் விர்கோ கருவியும் தரவு சேகரித்த பழைய ஓட்டங்கள் எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. நான்காம் ஓட்டத்தின் முதல் பகுதியும் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. அலை மாதிரிகளும் இலவசம்: சுழலும் விண்மீன்களின் இடிவுக்காக 2017-இல் வெளியான ஒரு தொகுப்பில் மட்டும் 1,824 சிமுலேஷன்கள் உண்டு. உண்மையான இரைச்சலுக்குள் ஒரு மாதிரி அலையை நீங்களே செருகி, எவ்வளவு தூரம் தள்ளிவைத்தால் கண்ணுக்குத் தப்பும் என்று அளக்கலாம். விண்மீன் வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் அந்த எண் உங்கள் ஆய்வேட்டில் இருக்கும். முதல் அளவுகோலில் இந்த வழி தெளிவாக முந்துகிறது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு மூன்று உண்டு.

பொதுவெளித் தரவு இரண்டு வேகத்தில் கிடைக்கும்: நொடிக்கு 4,096 மாதிரி, அல்லது 16,384 மாதிரி. சின்னக் கோப்பு இறங்க எளிது என்பதால் எல்லோரும் முதலாவதை எடுப்பார்கள். நானும் ஒரு மாணவரும் அதைத்தான் எடுத்தோம். செருகிய அலையின் தடம் நிறமாலைப் படத்தில் ஏறிக்கொண்டே வந்து 1,700 ஹெர்ட்ஸ் பக்கம் கத்தரித்தது போல நின்றது. இரண்டு மாதம் எங்கள் நிரலில் பிழை தேடினோம். பிழை நிரலில் இல்லை. மாதிரி வேகத்தைக் குறைக்கும்போது போடும் வடிகட்டி அதற்கு மேல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தரவோடு வரும் குறிப்பில் அது எழுதியே இருக்கிறது. இணைவுகளைத் தேடுபவருக்கு இது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. நமக்கு மணியோசையின் பின்பாதியே போய்விடும். பெரிய கோப்பையே இறக்குங்கள். 4,096 நொடிக்கு, அதாவது ஒரு மணி எட்டு நிமிடத்துக்கு, அரை ஜிபி அளவில் இருக்கும். ஹாஸ்டல் வைஃபையில் இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம்.

அடுத்து, கருவியின் சொந்தக் குரல்கள். 500 ஹெர்ட்ஸ் அருகேயும் அதன் மடங்குகளிலும் ஊசி போலக் கோடுகள் நிற்கும். கண்ணாடியைத் தொங்கவிட்ட இழைகள் வயலின் தந்தி போல அதிர்வதால் வருபவை. மின்சாரக் கோட்டை நம் பழக்கத்தில் 50-இல் தேடாதீர்கள். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். இத்தாலியின் விர்கோவில்தான் 50. இவற்றைவிடத் தொல்லை தருவது ‘பிளிப்’ என்ற குறுந்துடிப்புகள். சில மில்லிநொடியே இருக்கும், விண்மீன் எகிறும் கணத்தின் அலையைப் போலவே தோன்றும். ப்ராஜெக்டின் பாதி நேரம் இவற்றைக் களைவதிலேயே போகும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நேரம் தெரியாத சிக்கல். 2023 மே 19 அன்று ஜப்பானின் கோயிச்சி இத்தகாகி எம்101 விண்மீன் மண்டலத்தில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டார், சுமார் 2 கோடி ஒளியாண்டு தொலைவில். நான்காம் ஓட்டம் முறைப்படி தொடங்கியது மே 24-இல்; அன்று கருவிகள் சோதனை ஓட்டத்தில் இருந்தன. கிடைத்த தரவில் தேடினார்கள், ஒன்றும் இல்லை. விண்மீனின் கரு இடிந்து, அந்தச் செய்தி ஒளியாக மேற்பரப்புக்கு வந்து சேர மணிக்கணக்கோ நாள்கணக்கோ ஆகும். ஆகவே ஒளியை மட்டும் பார்த்தால் நாள்கணக்கான தரவைச் சல்லடை போட வேண்டும். அத்தனை நேரத்தில் போலித் துடிப்புகள் நிறையவே வரும்.

## வழி 3: நியூட்ரினோவைக் கடிகாரமாக வைத்துக்கொள்வது

2020 ஜனவரி 14, போகி காலை. நம் நேரப்படி 7:38-க்குப் பதிவான தரவை வைத்து லைகோவும் விர்கோவும் ஓர் எச்சரிக்கை அனுப்பின: அச்சில்லாத் தேடலில் ஒரு குறுந்துடிப்பு, இரைச்சலால் இப்படி நேர்வது சுமார் 25 ஆண்டுக்கு ஒரு முறைதான். திசை மதிப்பீடு ஓரியன் விண்மீன் கூட்டத்தின் பக்கம் விழுந்தது. அந்த வாரங்களில்தான் ஓரியனின் தோளில் இருக்கும் திருவாதிரை விண்மீன் வழக்கத்துக்கு மாறாக மங்கிக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க வானியலாளர்கள் வெளியே ஓடி வானத்தைப் பார்த்தார்கள். திருவாதிரை அங்கேயே இருந்தது. இவ்வளவு பக்கத்தில், சில நூறு ஒளியாண்டில், ஒரு விண்மீன் இடிந்திருந்தால் எல்லா நியூட்ரினோ கருவிகளும் பொங்கி வழிந்திருக்கும். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. அந்தத் துடிப்பு பிறகு கருவி இரைச்சலாக இருக்கவே வாய்ப்பு என்று ஒதுக்கப்பட்டது.

இந்த வழியின் பலம் அந்தக் காலைப் பொழுதிலேயே தெரிகிறது. இடிந்த ஆற்றலில் சுமார் 99 சதவீதம் நியூட்ரினோவாகத்தான் போகிறது. 1987 பிப்ரவரி 23 அன்று, 1 லட்சத்து 68 ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் வெடித்த விண்மீனிலிருந்து ஜப்பானின் கமியோகண்டே, அமெரிக்காவின் ஐஎம்பி, காக்கசஸின் பக்சான் ஆகிய மூன்றுமாக இரண்டு டஜன் நியூட்ரினோக்களைத்தான் பிடித்தன. அதுவும் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே. இன்று பால்வெளியின் மையத் தொலைவில் ஒன்று வெடித்தால் 50,000 டன் நீர் கொண்ட சூப்பர்-கமியோகண்டே ஆயிரக்கணக்கில் பிடிக்கும். கரு எகிறிய கணம் மில்லிநொடிக் கணக்கில் தெரிந்துவிடும்.

அதன் பலனைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து நாள் தேடல் என்றால் 4,32,000 நொடி. நியூட்ரினோ நேரம் சொன்னால் ஒரு நொடி போதும். போலித் துடிப்புகள் நான்கு லட்சம் மடங்கு குறைந்தால் எவ்வளவு மங்கலான அலையை நம்பி ஏற்கலாம்? இந்தக் கேள்வி ஒன்றே முழு ஆய்வேடு. ஸ்னியூபை, ஸ்னோகுளோப்ஸ் போன்ற திறந்தமூலக் கருவிகளால் எந்தக் கருவியில் எத்தனை நியூட்ரினோ விழும் என்று லேப்டாப்பிலேயே கணக்கிடலாம்.

குறை? சூப்பர்-கமியோகண்டேவுக்கு, பக்கத்து விண்மீன் மண்டலமான ஆண்ட்ரோமெடா தூரம் என்றாலே ஒன்றிரண்டு நியூட்ரினோதான் மிஞ்சும். ஆனால் சாதாரண சூப்பர்நோவாவின் ஈர்ப்பு அலையும் இன்றைய கருவிகளுக்கு நம் பால்வெளிக்குள்தான் எட்டும். இரண்டின் எல்லையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இதை நான் பெரிய குறையாக எண்ணவில்லை. உண்மையான செலவு வேறு: இரண்டு துறையின் மொழியும் தெரிய வேண்டும், புள்ளியியல் உறுதியாக இருக்க வேண்டும். “இரண்டும் தற்செயலாக ஒன்றாக விழ என்ன வாய்ப்பு?” என்பதை வாய்வாவில் பலகையில் எழுதிக் காட்டும் அளவுக்கு.

## வழி 4: கருந்துளையைச் சுற்றும் வட்டு

புதிது, கவர்ச்சியானது. வேகமாகச் சுழலும் பெரிய விண்மீனின் கரு கருந்துளையாகிவிட, மிச்சப் பொருள் அதைச் சுற்றி வட்டாகச் சுழலும். அந்த வட்டு ஒரே சீராக இல்லாமல் கட்டி கட்டியாக இருந்தால் வலுவான ஈர்ப்பு அலை வரும். 2024-இல் நியூயார்க் ஃபிளாட்டிரான் நிறுவனத்தின் ஓரே காட்லீப் குழு இதைச் சிமுலேஷனில் காட்டி, 5 கோடி ஒளியாண்டு வரை எட்டலாம் என்றது. பால்வெளியைத் தாண்டாத மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய பாய்ச்சல்.

ஆனால் இப்படிச் சாகும் விண்மீன்கள் அரிது. சாதாரண சூப்பர்நோவாக்களில் மிகச் சிறு பங்கு. ஒப்பிட்டுச் சரிபார்க்க வேறு குழுக்களின் மாதிரிகளும் குறைவு. இன்னொருவர் சிமுலேஷன் மாறினால் உங்கள் முடிவும் ஆடும். ஏற்கெனவே தரவுத் தேடல் தெரிந்தவர், கூடவே ஆர்வமுள்ள கைடு உள்ளவர் மட்டும் இறங்கலாம். முதல் ப்ராஜெக்டாக வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | கணினி | வெடிக்காவிட்டால் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| சிமுலேஷன் (3டி) | சூப்பர்கம்ப்யூட்டர் | நிற்கும் | ஆண்டுக் கணக்கில் காலம் |
| அதிர்வு முறைகள் (1டி) | லேப்டாப் | நிற்கும் | அலையின் பலம் தெரியாது |
| லைகோ தரவு | லேப்டாப், இணையம் | நிற்கும் | இரைச்சல் களைவதில் பாதி நேரம் |
| நியூட்ரினோவோடு சேர்த்து | லேப்டாப் | நிற்கும் | இரு துறை, உறுதியான புள்ளியியல் |
| வட்டு | லேப்டாப், பிறர் மாதிரிகள் | தள்ளாடும் | மாதிரிகள் மிகக் குறைவு |

## அந்த மூன்று பேர்

முதலாமவர் கணிதத்தில் கெட்டி. பேருந்தில் வரும்போதே நோட்டில் சமன்பாடு போட்டுக்கொண்டு வருகிறவர். அவருக்கு 1டி அதிர்வு முறைகளைச் சொன்னேன். இரண்டாமவர் மாவட்டத் தலைநகரில் ஒரு சிறு கல்லூரி. பைத்தான் தெரியும், கைடு வேறு துறை. அவருக்கு லைகோ தரவு, ஏனென்றால் கருவியும் பயிற்சிக் குறிப்புகளும் இணையத்திலேயே இருக்கின்றன. சிக்கினால் கேட்க உலகம் முழுக்க ஆள் உண்டு. படிப்பு முடித்து வேறு வேலைக்குப் போனாலும் சிக்னல் பிரிக்கக் கற்ற கை வீண்போகாது.

மூன்றாமவர் புள்ளியியல் பட்டம் முடித்துவிட்டு இயற்பியலுக்கு வந்தவர். வட்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஒரு வேலை கொடுத்தேன்: ஒரு மணி நேர லைகோ தரவை இறக்கி, ஒரே ஒரு அலை மாதிரியை அதில் செருகி, நேரம் தெரிந்தால் எவ்வளவு தூரம் எட்டும், தெரியாவிட்டால் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பத்து நாள் கழித்து இரண்டு வளைகோடுகள் உள்ள ஒரு படத்தோடு வந்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டி, “சார், இந்த இடத்தையே எடுத்துக்கறேன்” என்றார். நியூட்ரினோ பக்கம் வந்துவிட்டார்.